நைட்ரோசமைன் பாக்டீரியாவின் டிஎன்ஏவை மாற்றுவதைப் பிளேட்டில் காட்டுவது: ஏம்ஸ் சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டைப் பக்கம் மைக்ரோபயாலஜி புராஜெக்டுக்கு வரும் பிள்ளைகள் நைட்ரோசமைனைத் தலைப்பாக எடுப்பதில் ஆச்சரியம் இல்லை. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் என்று பீடி சுற்றும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் இவர்கள். புகையிலைத் தூள் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, அதில் உள்ள என்என்கே, என்என்என் என்ற நைட்ரோசமைன்கள் டிஎன்ஏவை என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றத்தான் செய்யும். அதைப் பார்க்கும் வழி ஏம்ஸ் சோதனை: ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் ஜீன் பழுதான சால்மோனெல்லா பாக்டீரியாவைப் பொருளோடு சேர்த்து, ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத பிளேட்டில் வளர்ப்பது. டிஎன்ஏ மாறிப் பழுது சரியான செல்கள் மட்டுமே காலனியாகும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பாடப்புத்தகத்தில் உள்ள சாதாரண ஏம்ஸ் முறையை அப்படியே செய்கிறார்கள். பிளேட்டில் வித்தியாசம் தெரிவதில்லை. 'மியூட்டஜன் (டிஎன்ஏவை மாற்றும் பொருள்) இல்லை' என்று எழுதிக் கட்டி முடித்துவிடுகிறார்கள். உண்மையில் நைட்ரோசமைன் தன் வேலையைச் செய்யவே அந்தச் சோதனை இடம் கொடுத்திருக்காது. எந்தப் படி எதற்காக என்று தெரிந்து, அந்த வரிசையிலேயே செய்தால் இது நடக்காது.

1. முதலில் தாளில் போட்டுப் பாருங்கள்

பைப்பெட்டைத் தொடும் முன் இந்த வேதியியலை ஒரு தாளில் கைப்பட வரையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதற்குள்தான் இருக்கிறது. மிக எளிய நைட்ரோசமைனான என்டிஎம்ஏவை (டைமெத்தில் நைட்ரோசமைன்) எடுத்துக்கொள்வோம்.

என்டிஎம்ஏ நேரடியாக டிஎன்ஏவைத் தாக்காது. ஈரல் செல்லில் உள்ள சைட்டோகுரோம் பி450 நொதிகள், முக்கியமாக 2இ1, நைட்ரஜனை ஒட்டியிருக்கும் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் குழுவைச் சேர்க்கின்றன. அப்படி வரும் பொருள் நிலையற்றது. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு பிரிந்து போகிறது. மிஞ்சுவது உடைந்து மெத்தில்டயசோனியம் அயனியாகிறது. டிஎன்ஏமேல் மெத்தில் குழுவை ஒட்டுவது இந்த அயனிதான். சால்மோனெல்லாவிடம் இந்த ஈரல் நொதி கிடையாது. அதை நாம்தான் வெளியிலிருந்து எஸ்9 என்ற ஈரல் சாறாகக் கொடுக்க வேண்டும்.

இடையில் உருவாகும் பொருள்களின் ஆயுள் நொடிக்கணக்குதான். எஸ்9 ஓரிடத்தில், பாக்டீரியா வேறிடத்தில் என்று அகாருக்குள் சிதறிக் கிடந்தால் அயனி போய்ச் சேரும் முன்பே தண்ணீரோடு வினைபுரிந்து முடிந்துவிடும். அதனால்தான் எஸ்9, நைட்ரோசமைன், பாக்டீரியா மூன்றையும் முதலில் திரவத்திலேயே கலந்து வைக்கிறோம். இதற்குப் பெயர் பிரீ-இன்குபேஷன்.

அடுத்து, மெத்தில் குழு எங்கே ஒட்டுகிறது? பெரும்பகுதி, ஏறத்தாழ 70 விழுக்காடு, குவானைனின் என்7 இடத்தில் ஒட்டும். அது அவ்வளவாகத் தப்பான ஜோடியை உண்டாக்குவதில்லை. அடினைனின் என்3 இடத்தில் ஒட்டுவது டிஎன்ஏ நகலெடுப்பையே தடுத்து செல்லைக் கொல்லும். 10 விழுக்காட்டுக்கும் கீழாக, குவானைனின் ஓ6 இடத்தில் ஒட்டுவதுதான் நாம் தேடுவது. ஓ6-மெத்தில்குவானைன் எதிரே சைட்டோசினுக்குப் பதில் தைமின் வந்து உட்காரும். அடுத்த சுற்று நகலெடுப்பில் அந்தத் தைமினுக்கு எதிரே அடினைன் வரும். ஜி-சி ஜோடி ஏ-டி ஜோடியாகிவிட்டது.

இந்த மாற்றம் நிலைக்க இரண்டு சுற்று நகலெடுப்பு தேவை என்பதைத் தாளில் அடிக்கோடிட்டு வையுங்கள். பாக்டீரியாவைக் கலந்து பிளேட்டின் மேல் ஊற்றும் டாப் அகாரில் கொஞ்சம் ஹிஸ்டிடின் ஏன் சேர்க்கிறோம் என்பதற்கு விடை அதுதான்.

ஒரு விஷயம் பாக்கி. பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. அடா, ஓஜிடி என்ற இரண்டு புரதங்கள் ஓ6-இல் உள்ள மெத்தில் குழுவைத் தங்கள் மேல் இழுத்துக்கொண்டு குவானைனைப் பழையபடி ஆக்கிவிடும். ஒரு தடவை குத்திவிட்டுத் தூக்கிப் போடும் ஊசி மாதிரி, ஒரு புரத மூலக்கூறு ஒரு மெத்தில் குழுவை எடுத்ததோடு தீர்ந்தது. கையிருப்பு தீரும் வரை மியூட்டேஷன் அதிகம் தெரியாது. தீர்ந்ததும் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். குறைந்த டோஸில் ஒன்றும் நடக்கவில்லை என்று சோதனையை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. ஸ்ட்ரெயினைத் தேர்ந்தெடுப்பது

நைட்ரோசமைனுக்கு டிஏ1535 என்ற சால்மோனெல்லா ஸ்ட்ரெயின் (வகை) கட்டாயம் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் டிஏ98, டிஏ100 இரண்டை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு வருகிறார்கள். டிஏ98-இல் இருப்பது ஃபிரேம்ஷிஃப்ட் பழுது, அதாவது எழுத்து கூடியோ குறைந்தோ வாசிப்பு வரிசை தள்ளிப்போன பழுது. ஒற்றை எழுத்து மாற்றத்தால் அது சரியாகாது. என்டிஎம்ஏவை டிஏ98-இல் மட்டும் போட்டுவிட்டு விடை தேடுவது வீண்.

டிஏ1535-இல் உள்ள பழுதின் பெயர் ஹிஸ்ஜி46. ஹிஸ்டிடின் தயாரிக்கும் ஜீனில், லியூசினுக்கான சிடிசி இருக்க வேண்டிய இடத்தில் புரோலினுக்கான சிசிசி இருக்கிறது. எதிர் இழையில் மூன்று குவானைன்கள். அவற்றில் நடுவில் உள்ளது ஓ6-இல் மெத்திலேற்றம் பெற்றால் சிசிசி மீண்டும் சிடிசி ஆகும். ஜீன் உயிர் பெறும். அந்த பாக்டீரியா ஹிஸ்டிடின் இல்லாமலே வளர்ந்து காலனியாகும். நைட்ரோசமைன் செய்யும் மாற்றமும் இந்த ஸ்ட்ரெயின் கேட்கும் மாற்றமும் ஒன்றே.

டிஏ100-இலும் இதே பழுதுதான். கூடவே மியூட்டேஷனை எளிதாக்கும் பிகேஎம்101 பிளாஸ்மிட் (தனி டிஎன்ஏ வளையம்) இருக்கிறது. ஆனால் தானாகத் திரும்பும் காலனிகள் அதில் பிளேட்டுக்கு 100, 150 என்று இருக்கும். சிறிய ஏற்றம் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். டிஏ1535-இல் அது 10, 15 அளவில்தான் என்பதால் ஏற்றம் பளிச்சென்று தெரியும். முறையான அறிக்கைக்கு டிஏ98, டிஏ100, டிஏ1535, டிஏ1537 ஆகிய நான்கோடு பிகேஎம்101 உள்ள ஈ. கோலை டபிள்யூபி2 யுவிஆர்ஏவும் சேர வேண்டும். கல்லூரிப் புராஜெக்டுக்கு டிஏ1535, டிஏ100 இரண்டே போதும். வாய்ப்பிருந்தால் ஒய்ஜி7108 வாங்குங்கள். டிஏ1535-இலிருந்து அடா, ஓஜிடி இரண்டையும் நீக்கிய ஸ்ட்ரெயின் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டால், பழுதுபார்க்கும் புரதம் எவ்வளவு காப்பாற்றுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

3. தேதி குறிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எஸ்9 வந்து சேர்ந்த பிறகுதான் மற்ற எதற்கும் தேதி குறிக்க வேண்டும். அது மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள். டிரை ஐஸில் வரும். வெள்ளிக்கிழமை அனுப்பச் சொல்லாதீர்கள். சனி, ஞாயிறு கூரியர் குடோனில் கிடந்து திருநெல்வேலி வெயிலில் வந்து சேரும் எஸ்9, பார்க்க நன்றாக இருந்தாலும் நொதி செத்திருக்கும். வந்ததும் ஒருநாள் சோதனைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறைய வையுங்கள். உருக்கி மீண்டும் உறைய வைத்தால் 2இ1 செயல்பாடு போய்விடும்.

எலி எஸ்9 மட்டும் போதாது, ஹாம்ஸ்டர் எஸ்9-உம் வேண்டும். என்டிஎம்ஏ போன்ற சிறிய நைட்ரோசமைன்களை ஹாம்ஸ்டர் ஈரல் நன்றாகவே செயலூட்டும். எலி எஸ்9-இல் மங்கலாகத் தெரிவது அதில் தெளிவாகத் தெரியும். ஐரோப்பிய மருந்து முகமையும் அமெரிக்காவின் எஃப்டிஏவும் நைட்ரோசமைனுக்கென்று பரிந்துரைக்கும் மேம்படுத்திய முறையில் இரண்டும் உண்டு, இரண்டும் 30 விழுக்காட்டில். வழக்கமான 10 விழுக்காடு எஸ்9 இங்கே போதாது.

எவ்வளவு வாங்குவது? ஐந்து டோஸ், ஒரு கரைப்பான் கன்ட்ரோல் (வெறும் கரைப்பான்), ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல் (மியூட்டஜன் என்று உறுதியான பொருள்), ஒவ்வொன்றும் மூன்று பிளேட்: மொத்தம் 21. ஒரு டியூபுக்கு 0.5 மி.லி. எஸ்9 மிக்ஸ், அதில் 30 விழுக்காடு என்றால் 0.15 மி.லி. எஸ்9. ஆக ஒரு ஸ்ட்ரெயினுக்கு ஒரு விலங்கின் எஸ்9 3.15 மி.லி. வேண்டும். எஸ்9 இல்லாமல், எலி, ஹாம்ஸ்டர் என மூன்று நிலைகளையும் சேர்த்தால் ஒரு ஸ்ட்ரெயினுக்கே 63 பிளேட். முன்னாலேயே எண்ணிக் கொள்ளுங்கள். பாதியில் மீடியா தீர்ந்தால் மறுநாள் போடும் பிளேட்டை முதல் நாளோடு ஒப்பிட முடியாது.

அப்புறம், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். காலை முதல் மாலை வரை கரண்ட் போனால் இன்குபேட்டரில் இருக்கும் பிளேட்டுகள் வீண். சித்திரை, வைகாசியில் இன்னொரு தொல்லை: அறையே 38 டிகிரிக்கு மேல் போகும்போது, குளிரூட்டும் வசதி இல்லாத சாதாரண இன்குபேட்டரால் 37-ஐப் பிடிக்க முடியாது. ஏசி அறை இல்லையென்றால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

4. பாதுகாப்பும் கழிவும்

இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களை நான் சோதனைக்குள் விடுவதில்லை. என்டிஎம்ஏ எளிதில் ஆவியாகும், தோல் வழியாகவும் போகும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை அதை 2ஏ பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்) வைத்திருக்கிறது. என்என்கே, என்என்என் இரண்டும் முதல் பிரிவில் (புற்றுநோய் உண்டாக்குபவை). எடை போடுவது, கரைப்பது, டியூபில் விடுவது எல்லாம் ஃபியூம் ஹூடிலோ காற்று வெளியேற்றும் வசதியுள்ள சேஃப்டி கேபினெட்டிலோதான் நடக்க வேண்டும். லேமினார் ஃபுளோ கூடாது. அது காற்றை உங்கள் முகத்தில் தள்ளும். லேடெக்ஸ் கையுறை நைட்ரோசமைனைத் தடுக்காது. நைட்ரைல் கையுறையை இரண்டடுக்காகப் போட்டு, பட்டவுடன் மாற்றுங்கள்.

நைட்ரோசமைன் போட்ட பிளேட்டை அப்படியே ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். சூட்டில் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். மூடிய டப்பாவில் தனியாகச் சேர்த்து, எரியூட்டும் அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாடு உங்கள் கல்லூரியில் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சோதனையை வசதியுள்ள வேறு லேபில் செய்யுங்கள். பாசிட்டிவ் கன்ட்ரோலான சோடியம் அசைடும் கொடிய நஞ்சு. சிங்க்கில் ஊற்றினால் குழாய் உலோகத்தோடு சேர்ந்து வெடிக்கும் சேர்மமாகும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

5. ஸ்ட்ரெயின் ஸ்ட்ரெயின்தானா என்று பார்ப்பது

கை மாறி வந்த ஸ்லான்ட்டை (சாய்த்த அகார் டியூபில் உள்ள கல்ச்சரை) நம்பாதீர்கள். நான்கு சோதனைகளை இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

ஹிஸ்டிடினும் பயோட்டின் என்ற வைட்டமினும் உள்ள பிளேட்டில் வளர வேண்டும். பயோட்டின் மட்டும் உள்ளதில் வளரக் கூடாது. கிரிஸ்டல் வயலட் வட்டைச் சுற்றி வளராத வளையம் தெரிய வேண்டும். செல்லின் வெளிச்சுவர் ஓட்டையாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பிளேட்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி யூவி காட்டினால் திறந்த பாதி சாக வேண்டும். யுவிஆர்பி என்ற டிஎன்ஏ பழுதுபார்க்கும் ஜீன் நீங்கியிருப்பதற்கு அது அடையாளம். ஆம்பிசிலினில், பிகேஎம்101 இருப்பதால் டிஏ100 வளரும், டிஏ1535 வளராது. இந்தக் கடைசிச் சோதனையில்தான் லேபுகளில் ஸ்ட்ரெயின்கள் இடம் மாறியிருப்பது வெளிப்படும்.

6. மீடியா

அடிப்பிளேட்டுக்கான வோகல்-போனர் உப்புக் கரைசல் தயாரிக்கும்போது மக்னீசியம் சல்ஃபேட்டை முதலில் கரைத்து, அது முழுதும் கரைந்த பிறகு சிட்ரிக் அமிலம், அப்புறம் பாஸ்பேட்டுகள் என்று வரிசையாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெள்ளையாகப் படியும். குளுக்கோஸ், உப்புக் கரைசல், அகார் மூன்றையும் தனித்தனியாக ஆட்டோகிளேவ் செய்து, பிறகு கலக்க வேண்டும். சேர்த்துச் சூடாக்கினால் கருகிப் பழுப்பாகும்.

டாப் அகார் 0.6 விழுக்காடு அகார், 0.5 விழுக்காடு உப்பு. ஒவ்வொரு 100 மி.லி.க்கும் 0.5 மில்லிமோலார் ஹிஸ்டிடின்-பயோட்டின் கரைசல் 10 மி.லி. இதைத் துல்லியமாக அளந்து விடுங்கள். குறைந்தால் செல் இரண்டு சுற்றுப் பிரியாது, மியூட்டேஷன் நிலைக்காது. கூடினால் மியூட்டேஷன் இல்லாதவையும் வளர்ந்து பிளேட்டே புல்வெளியாகும்.

7. எஸ்9 மிக்ஸ்

சோதனை நாளன்று காலையில், ஐஸ் மேல் வைத்துத் தயாரியுங்கள். பிஹெச் 7.4 பாஸ்பேட் பஃபர் 100 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடு 33, மக்னீசியம் குளோரைடு 8, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் 5, என்ஏடிபி 4 மில்லிமோலார், கடைசியாக எஸ்9. பி450 நொதிக்கு எலக்ட்ரான் தருவது என்ஏடிபிஹெச். குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டைக் கொண்டு எஸ்9 அதைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

என்ஏடிபி மட்டும் சேர்க்காத மிக்ஸில் ஒரு செட் டியூப் போடச் சொல்வேன். அதில் காலனி ஏறாமல், முழு மிக்ஸில் ஏறினால், மியூட்டேஷனுக்கு நொதியின் செயல்பாடுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். மூன்று பிளேட் செலவில் இவ்வளவு வலுவான சான்று வேறு கிடைக்காது.

8. சோதனை நாள்

முந்தைய நாள் இரவே நியூட்ரியன்ட் பிராத்தில் போட்டு, 37 டிகிரியில் ஷேக்கரில் 10 முதல் 12 மணி நேரம் வளர்த்த கல்ச்சர் வேண்டும். மி.லி.க்கு 100 கோடிக்குக் குறையாத செல்கள். மாலை நான்கு மணிக்குப் போட்டுவிட்டு மறுநாள் பத்து மணிக்கு எடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. அதிக நேரம் நின்ற கல்ச்சரில் செத்த செல் கூடும், எண்ணிக்கை இறங்கும்.

நைட்ரோசமைன் வெளிச்சத்தில் சிதையும். நம் ஊர் லேபுகளில் ஜன்னல் பெரிது, வெயிலும் அதிகம். திரையை இழுத்துவிட்டு, பழுப்புக் குப்பியில் அன்றன்றைக்கே கரைத்துப் பயன்படுத்துங்கள்.

கரைப்பான் தண்ணீராக இருக்கட்டும். பழக்கத்தில் கை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானுக்குப் போகும். ஆனால் டிஎம்எஸ்ஓ நமக்கு வேண்டிய அதே 2இ1 நொதியைத் தடுக்கிறது. என்டிஎம்ஏ, என்டிஇஏ (டைஎத்தில் நைட்ரோசமைன்) இரண்டும் தண்ணீரில் நன்றாகக் கரையும். தண்ணீரில் கரையாத பொருளானால் மட்டும் டிஎம்எஸ்ஓ, அதையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக.

டோஸ்: அதிகபட்சம் பிளேட்டுக்கு 5 மி.கி. அங்கிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இறங்குங்கள்: 5000, 1500, 500, 150, 50 மைக்ரோகிராம்.

டியூபில் போடும் வரிசை: முதலில் எஸ்9 மிக்ஸ் 0.5 மி.லி. (எஸ்9 இல்லாத செட்டுக்கு அதே அளவு பஃபர்), அடுத்து கல்ச்சர் 0.1 மி.லி., கடைசியாக நைட்ரோசமைன் கரைசல் 0.1 மி.லி. வேதிப்பொருளைக் கடைசியில் சேர்ப்பதால் எல்லா டியூபிலும் வினை தொடங்கும் நேரம் நம் கையில் இருக்கும். மூடி, 37 டிகிரியில் ஆட்டியபடி 30 நிமிடம். ஆட்டம் தேவை, ஏனென்றால் பி450-க்கு ஆக்சிஜன் வேண்டும். முப்பது நிமிடத்தை ஒவ்வொரு டியூபுக்கும் தனியாக எண்ணுங்கள். முதல் டியூபுக்கும் கடைசி டியூபுக்கும் இருபது நிமிடம் வித்தியாசம் வந்தால் டோஸ் வரிசை கலைந்துவிடும்.

பிறகு 45 டிகிரியில் உள்ள டாப் அகார் 2 மி.லி. சேர்த்து, ஒருமுறை சுழற்றி, பிளேட்டில் ஊற்றிச் சாய்த்துப் பரப்புங்கள். 50 டிகிரிக்கு மேல் போனால் பாக்டீரியா சாகும். உறைந்ததும் கவிழ்த்து 37 டிகிரியில் 48 முதல் 72 மணி நேரம். நைட்ரோசமைன் ஆவி பக்கத்துப் பிளேட்டுக்குப் போகும் என்பதால் கன்ட்ரோல் பிளேட்டுகளைத் தனி டப்பாவில் வையுங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கன்ட்ரோலில் காலனி கூடியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு காரணம் தேடுகிறார்கள்.

பாசிட்டிவ் கன்ட்ரோல்: எஸ்9 இல்லாத செட்டில் டிஏ1535, டிஏ100 இரண்டுக்கும் சோடியம் அசைடு. எஸ்9 உள்ள செட்டில் 2-அமினோஆந்த்ரசீன் மட்டும் போட்டுத் திருப்திப்படாதீர்கள். அது வேறு நொதிகளாலும் செயலூட்டப்படும் என்பதால் 2இ1 உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு என்டிஎம்ஏவே தகுந்த கன்ட்ரோல்.

9. எண்ணுதல்

காலனியை எண்ணும் முன் பின்னணியைப் பாருங்கள். மைக்ரோஸ்கோப்பில் மெல்லிய புல்வெளி போல ஒரு வளர்ச்சி தெரிய வேண்டும். அது மெலிந்திருந்தால் அந்த டோஸ் பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது. அந்தப் பிளேட்டில் குண்டூசி முனை அளவில் நிறையப் புள்ளிகள் இருக்கும். ரிவர்ட்டன்ட் (பழுது சரியாகி வளர்ந்த காலனி) என்று மகிழ்ந்து எண்ணிவிடுகிறார்கள். செத்தவை சாப்பிடாமல் விட்ட ஹிஸ்டிடினைத் தின்று வளர்ந்த பழைய பாக்டீரியாக்கள் அவை. சந்தேகமிருந்தால் சிலவற்றை எடுத்து, ஹிஸ்டிடின் இல்லாத, பயோட்டின் மட்டும் உள்ள பிளேட்டில் கீறுங்கள். உண்மையான ரிவர்ட்டன்ட் மட்டுமே வளரும்.

டிஏ1535-இல் கரைப்பான் கன்ட்ரோலைப்போல் மூன்று மடங்கு, டிஏ100-இல் இரண்டு மடங்கு, கூடவே டோஸ் ஏற ஏற எண்ணிக்கையும் ஏறுவது. இவை சேர்ந்தால் பாசிட்டிவ். ஒரே ஒரு டோஸில் மட்டும் துள்ளி நிற்கும் எண்ணை நம்ப வேண்டாம். மீண்டும் செய்யுங்கள்.

10. கருவாடும் புகையிலைத் தூளும்

தூய வேதிப்பொருளை முடித்தவுடன் எல்லோரும் போக விரும்பும் இடம் இது. அவசரப்படாதீர்கள்.

கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்த சாற்றை நேராக டியூபில் விட்டால் பிளேட் நிறையக் காலனி வரும். அதற்குக் காரணம் நைட்ரோசமைன் அல்ல. சூரை, அயிலை, சாளை, நெத்திலி எல்லாவற்றின் தசையிலும் ஹிஸ்டிடின் மிகுதி. ஹிஸ்டிடின் இல்லாமல் வளர்வதைத்தான் நாம் எண்ணுகிறோம். சாறே அதை ஊட்டிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. டைகுளோரோமீத்தேனில் பிரித்தெடுத்தால் அமினோ அமிலங்கள் தண்ணீரோடு தங்கிவிடும். ஆனால் ஆவியாக்கிக் கெட்டிப்படுத்தும்போது என்டிஎம்ஏவும் சேர்ந்து பறந்துவிடாமல், குளிரில் மெதுவாகச் செய்ய வேண்டும்.

புகையிலைத் தூளில் வேறு தொல்லை. நிகோடினும் இன்னும் பல பொருள்களும் பாக்டீரியாவைக் கொல்லும். டோஸை ஏற்ற முடியாது. சாற்றை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டாமல் போட்டால் தூளில் உள்ள கிருமிகளே பிளேட்டில் முளைக்கும். எல்லாம் சரியாக வந்து காலனி ஏறினாலும், அது என்என்கேவால்தான் என்று சொல்ல முடியாது. புகையிலையில் மியூட்டஜன்கள் பல. தூளில் நைட்ரோசமைன் எவ்வளவு என்பதை எல்சி-எம்எஸ் கருவியில் தனியாக அளந்து பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத புராஜெக்டில், 'புகையிலைச் சாறு எஸ்9 உடன் டிஏ100-இல் மியூட்டேஷனைக் கூட்டியது' என்ற வரியோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

11. முடிவை எழுதுதல்

எந்த விலங்கின் எஸ்9, எத்தனை விழுக்காடு, எந்த முறை, எத்தனை நிமிடம், எந்தக் கரைப்பான் எவ்வளவு, எந்த ஸ்ட்ரெயின் என்ற ஆறும் இல்லாமல் நைட்ரோசமைன் பற்றிய நெகட்டிவ் முடிவுக்கு மதிப்பு கிடையாது. பாசிட்டிவ் கன்ட்ரோலான என்டிஎம்ஏ அதே நாளில், அதே எஸ்9-இல் ஏறியிருந்தால் மட்டுமே உங்கள் பொருள் ஏறவில்லை என்று எழுதலாம்.

பாசிட்டிவ் வந்தால், பாக்டீரியாவில் மியூட்டேஷன் உண்டாக்குகிறது என்று எழுதுங்கள். மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்று இந்தப் பிளேட்டை வைத்து எழுதாதீர்கள். அதற்கு விலங்கு ஆய்வும் மனிதர்களிடம் செய்த ஆய்வும் வேண்டும். என்என்கே, என்என்என் முதல் பிரிவில் வைக்கப்பட்டது அப்படிப்பட்ட சான்றுகளைக் கொண்டுதான். பீடி சுற்றும் அம்மாவுக்கு இதைச் சொல்லலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லுங்கள்: இந்தச் சேர்மங்கள் புகையிலையில் இருப்பது உறுதி, அவை கெடுதல் என்பதும் உறுதி, தூளைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுவதும், தட்டு முறத்தைச் சமையல் பக்கமும் குழந்தை படுக்கும் இடத்திலும் வைக்காமல் இருப்பதும், சன்னலைத் திறந்து வைத்து வேலை பார்ப்பதும் இன்றைக்கே செய்யக் கூடியவை. அதற்கு உங்கள் பிளேட் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.